சின்னராசாவின் ஏழாம் பக்கம்

துறைமுகத் தொழிலாளர் சேமநல ஆஸ்பத்திரியில் முதலில் நோயாளியின் பதிவுக் கோவை நடக்கும். நோயாளி அதன் பின்னால் நடப்பார். கோவையை வைக்க ஒரு மரத்தட்டும், அதன்மேல் போர்த்த ஒரு பச்சைத் துணியும் நிர்வாகம் கொடுத்திருந்தது. நோயாளி தன் போர்வையை வீட்டிலிருந்து கொண்டுவர வேண்டும். புதன்கிழமைதோறும் வைத்தியக் குழு கூடும்போது தட்டு உள்ளே வரும். குழுவினர் கதிரையிலிருந்து அரை அங்குலம் எழுந்து அமர்வார்கள். நோயாளி விறாந்தையில் ஒரு வாங்கில் இருத்தப்படுவார். குழு கோவையைப் பரிசோதிக்கும். கோவையில் வருத்தம், அதாவது நோய், பிடிபடாவிட்டால், வேறு வழியே இல்லையென்றால், நோயாளியையும் கூப்பிடுவார்கள்.

தட்டைச் சுமப்பவன் கிறிஸ்தோபர். இருபத்துநான்கு வயது. பதிவேட்டறையில் தற்காலிக இலிகிதன். இரண்டு வருடமாகத் தற்காலிகமாகவே இருந்தான். பதிவேட்டறைக்கு ஒரு யன்னல்; அதுவும் கோவைகளுக்கு வெயில் படக்கூடாதென்று ஆணியடித்து மூடப்பட்டிருந்தது. அந்தப் புழுக்கத்தில் கிறிஸ்தோபர் சந்தோசமாகத்தான் இருந்தான். ஏனென்றால் அவனுடைய மடியில் எப்போதும் ஒரு மொழிபெயர்ப்பு நாவல் இருந்தது. வியர்வையில் சேட்டு முதுகோடு ஒட்டிக்கொள்ள, அவன் கண்ணுக்குள் பனி கொட்டும். குதிரை வண்டிகள் உறைந்த ஆறுகளைக் கடக்கும். பெரிய கோட்டுப் போட்ட மனிதர்கள், தாங்கள் செய்த குற்றத்தை நினைத்து நினைத்து நானூறு பக்கத்துக்கு வருந்துவார்கள். அப்படி வருந்துவது எவ்வளவு அழகானதென்று அவன் நினைத்திருந்தான்.

ஆயிரத்துத் தொளாயிரத்து எண்பதாம் ஆண்டு ஆடி மாதத்தில் ஒரு மத்தியானம், மேசையில் ஒரு பழைய கோவை, ஊசி கழன்று, நாடா அவிழ்ந்து கிடந்தது. புது நாடா கட்ட வேண்டும். மடியில் அறுநூறு பக்க நாவல். விறாந்தையில் பிரதம இலிகிதர் பேணாட்டின் சப்பாத்துச் சத்தம் கேட்டது. பேணாட்டின் இடது சப்பாத்து மட்டும் கிறீச்சிடும். ஆஸ்பத்திரி முழுவதும் அந்தச் சத்தத்துக்கு நிமிர்ந்து உட்காரும். கிறிஸ்தோபர் கைக்கு அகப்பட்ட தாளை எடுத்து வாசித்த இடத்தில் செருகி, புத்தகத்தை மூடி, அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டான்.

அந்தச் சனிக்கிழமை நூலகத்துக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டிய நாள். பாதி வாசித்தபடியே கொடுத்துவிட்டு வந்தான்.

ஆவணியில் வருடாந்தப் பக்கக் கணக்கெடுப்பு வந்தது. கோவைகளின் ஒவ்வொரு பக்கத்துக்கும் வலது மூலையில் சிவப்பு மையில் எண் இருக்கும். அந்தப் பழைய கோவையில் ஆறுக்குப் பிறகு எட்டு வந்தது. நாவலுக்குள் செருகிய தாள் கிறிஸ்தோபருக்கு நினைவு வந்தது; நூலகம் பூட்டிய நேரம், பேணாட் எண்ண வர ஒரு மணித்தியாலமே இருந்தது. சுவரிலே சுற்றுநிருபம் ஒட்டியிருந்தது: 'பதிவேட்டறையில் பக்கங்கள் தொலைவதில்லை.' தொலைக்கக் கூடாது என்றல்ல, தொலைவதில்லை என்று. நிரந்தர நியமனத்துக்கான பெயர்ப்பட்டியல் அடுத்த மாதம் போக இருந்தது. அவன் ஒரு சவரப் பிளேட்டை எடுத்து, எட்டைச் சுரண்டி, சிவப்பு மையால் ஏழாக்கினான். ஒன்பதைச் சுரண்டி எட்டாக்கினான். பதினான்கு பதின்மூன்றாகும்வரை சுரண்டினான். பேணாட் எண்ணிப் பார்த்து 'முழுமை' என்று முத்திரை குத்தினார். பன்னிரண்டு வருடப் பழைய தாள். அதில் அப்படி என்ன எழுதியிருக்கப் போகிறது என்று கிறிஸ்தோபர் தன்னைத் தேற்றிக்கொண்டான்.

ஐப்பசியில் அந்தக் கோவைக்குரிய மனிதர் வந்தார்.

பெயர் சின்னராசா. கப்பல்துறைக் கிராமத்துக்காரர். துறைமுக ஜெட்டியில் பாரந்தூக்கி ஓட்டுபவர். நாற்பத்தெட்டு வயது, ஒட்டிய கன்னம், இடது விலாவுக்குக் கீழே ஒரு கை எப்போதும் பொத்தியபடி இருக்கும். தட்டுக்குப் பின்னால் நடந்து வந்தவர், விறாந்தை நடுவில் நின்றுவிட்டார்.

"தம்பி, கொஞ்சம் மெல்ல நடவும். பைலுக்கு வயித்துக்குத்து இல்லை. எனக்குக் கிடக்கு."

குழுவின் தலைவர் வைத்திய அத்தியட்சகர் டொக்டர் பாக்கியரத்தினம். அவருக்கு இடப்புறம், குறிப்பெழுத, பேணாட். வலப்புறம் மூன்று மாதத்துக்கு முன் வந்த டொக்டர் பல்கீஸ், மூதூர்ப் பிள்ளை, இன்னும் நோயாளியின் முகத்தைப் பார்த்துக் கேள்வி கேட்கும் பழக்கம் அவரை விட்டுப் போகவில்லை. அன்று அவர் வற்புறுத்தியதால் சின்னராசா உள்ளே கூப்பிடப்பட்டார்.

"இந்தத் தழும்பு எப்ப வந்தது?" என்று பல்கீஸ் கேட்டார். சின்னராசாவின் வயிற்றில் மேலிருந்து கீழாக ஒரு சாண் நீளத்துக்குக் கோடு ஓடியது.

"அறுபத்தெட்டிலை, மிஸ். தேயிலைப் பெட்டி தூக்கேக்கை கொக்கி அறுந்து விலாவிலை அடிச்சது. இஞ்சைதான் கொண்டுவந்தவை. இஞ்சைதான் வெட்டினவை."

"வெட்டி என்ன செய்தவை?"

"உள்ளுக்கை ஒண்டு உடைஞ்சுபோச்சு, எடுத்தாச்சு எண்டு சொன்னவை."

"என்னத்தை எடுத்தவை?"

"அது சொல்லேல்லை மிஸ். நானும் கேக்கேல்லை. படிச்ச ஆக்கள், தேவையில்லாததைத்தானே எடுப்பினம் எண்டு விட்டிட்டன்."

அத்தியட்சகர் கையைத் தூக்கினார். "நோயாளியின் கதை போதும். கோவை என்ன சொல்லுது?"

பேணாட் கோவையை வாசித்தார். ஆறாம் பக்கம்: நினைவற்ற நிலையில் கொண்டுவரப்பட்டார். ஏழாம் பக்கம்: பத்தாம் நாள், தையல் வெட்டப்பட்டது, வீடு சென்றார்.

"தையல் வெட்டியிருக்கு. ஆனால் தைச்சதாப் பதிவில்லையே" என்றார் பல்கீஸ்.

"தைக்காமல் தையல் வெட்டுறது ஒரு நிர்வாகக் குறை" என்றார் அத்தியட்சகர். "ஆனால் பன்னிரண்டு வருசத்துக்கு முந்தினது. மன்னிப்பம். தோற்காயமாய் இருந்திருக்கும். மேலே வாசியும்."

கதவோரம் கிறிஸ்தோபர் வெறுந்தட்டோடு நின்றான். ஆறுக்கும் ஏழுக்கும் நடுவில் என்ன இருந்ததென்று அவனுக்கு இப்போது தெரிந்துவிட்டது.

"அந்தக் காலத்துச் சத்திரசிகிச்சைப் பதிவேடு இருக்குமே" என்று பல்கீஸ் விடவில்லை.

"சூறாவளியிலை நனைஞ்சு அழிஞ்சு போச்சு, டொக்டர்" என்றார் பேணாட். "ஆனால் நனைஞ்சதுக்கான அறிக்கை பத்திரமா இருக்கு. மூண்டு பிரதி."

எனவே புது இயந்திரத்திடம் போவதென்று முடிவாயிற்று.

அந்த இயந்திரத்தை ஒரு நட்பு நாடு அன்பளித்திருந்தது. 'கழியொலி உள்ளுறுப்புத் தோற்றக் கருவி' என்பது அதன் அரச பெயர். ஆஸ்பத்திரியில் எல்லோரும் ஸ்கான் மெசின் என்றார்கள். வயிற்றில் ஒரு பசையைப் பூசி, ஒரு கைபிடியை அழுத்தி உருட்டினால், உள்ளே கிடப்பதெல்லாம் சாம்பல் நிற நிழல்களாகக் கண்ணாடித் திரையில் தெரியும். திறப்பு விழாவன்று ஐயர் தீர்த்தம் தெளித்தார். கத்தோலிக்கச் சுவாமியார் ஆசீர்வதித்த நீர் தெளித்தார். மௌலவி நீர் எதுவும் தெளிக்காமல் துஆ மட்டும் ஓதினார். அவருக்கு எலெக்ரிக் சாமான் பற்றி ஏதோ தெரிந்திருந்தது. மெசின் மூன்று கிழமை காயவைக்கப்பட்டது. பிறகு முதன்முதலாக அத்தியட்சகருடைய வயிறே படமெடுக்கப்பட்டது. அவருடைய பித்தப்பையின் படம் கண்ணாடிச் சட்டமிட்டு அவரது அறையில், அவரது பட்டமளிப்புப் படத்துக்கு மேலே, மாட்டப்பட்டது. வருகிறவர்கள் எல்லோரும் அதைப் பார்த்து, "நல்லா வந்திருக்கு, சேர்" என்பார்கள்.

மெசினை ஓட்டுபவர் கிண்ணியாவைச் சேர்ந்த ஸைனுலாப்தீன். கொழும்பில் பதினைந்து நாள் பயிற்சி. அச்சடித்த படிவத்தை மடியில் வைத்துக்கொண்டு, கைபிடியை உருட்டி உருட்டிப் பார்த்தார். சின்னராசாவின் வயிற்றில் ஐந்து உருண்டைகள். ஒன்று முட்டையளவு, இரைப்பையை ஒட்டி. மற்றவை நெல்லிக்காயளவு, அங்கொன்று இங்கொன்று.

புதன்கிழமை குழு படிவத்தைப் பார்த்தது. கல்லீரல்: சாதாரணம். சிறுநீரகம்: சாதாரணம். மண்ணீரல்: சாதாரணம். ஏனையவை: ஐந்து கட்டிகள்.

அத்தியட்சகரின் முகம் மலர்ந்தது. "பரவின புற்று. சந்தேகமே இல்லை. இந்த மெசின் வந்திராவிட்டால் ஆர் கண்டுபிடிச்சிருப்பினம்? வயிற்றைத் திறந்து, எடுக்கக்கூடியதை எல்லாம் எடுப்பம். மார்கழி பதினெட்டு, வியாழக்கிழமை. அன்பளிப்புத் தந்த நாட்டுத் தூதரகத்திலையும் ஆக்கள் வருவினம். அழைப்பிதழ் அடியும், பேணாட்."

அழைப்பிதழ் அடிக்கப்பட்டது. ஓரத்தில் பொன்னிறக் கோடு. 'எமது கருவியின் முதலாவது வெற்றியைக் கண்டுகளிக்க' என்று தொடங்கியது. சின்னராசாவின் பெயர் அதில் இல்லை. 'தேநீர் உபசாரம் உண்டு' என்றிருந்தது.

அன்று பின்னேரம் பல்கீஸ் பதிவேட்டறைக்கே வந்துவிட்டார். டொக்டர் ஒருவர் அந்த அறைக்குள் நுழைந்தது அதுவே முதல் தடவை. இருக்கக் கதிரையும் இல்லை.

"கிறிஸ்தோபர், அந்த ஆளின்ரை வயித்திலை கிடக்கிறது புற்றெண்டு எனக்குத் தோணேல்லை. பன்னிரண்டு வருசத்துக்கு முதல் அடிபட்டு மண்ணீரல் உடைஞ்சிருக்கோணும். உடையேக்கை சின்னத் துண்டுகள் வயித்துக்குள்ளை சிதறும். சிதறினது ஒட்டிப் பிடிச்சு, இரத்தம் எடுத்து, ஆறுதலா வளரும். இடம் மாறி முளைச்ச மண்ணீரல். அதாலை ஒரு ஆபத்தும் இல்லை. பாத்தால் மட்டும் கட்டி மாதிரியே இருக்கும்."

"ஆனால் படிவத்திலை மண்ணீரல் சாதாரணம் எண்டெல்லோ..."

"வாரும்."

இருவரும் ஸைனுலாப்தீனிடம் போனார்கள். அவர் மெசினுக்குத் துணி போர்த்திக்கொண்டிருந்தார்.

"ஸைனுலாப்தீன் நானா, அந்த மனிசனுக்கு மண்ணீரல் கண்டநீங்களா?"

"இல்ல டொக்டர். இரிக்க வேண்டிய எடத்தில அது இல்ல."

"பிறகு ஏன் சாதாரணம் எண்டு போட்டநீங்கள்?"

ஸைனுலாப்தீன் படிவத்தைக் கொண்டுவந்து காட்டினார். "இதுல ரெண்டு பெட்டிதான் அடிச்சிரிக்கி. ஒண்டு சாதாரணம். மத்தது பெரிசு. இல்லை எண்டு ஒரு பெட்டி இரிந்தா அதில போட்டிருப்பன். இல்லாத சாமான் எப்பிடிப் பெரிசா இரிக்கும்? அப்ப சாதாரணம்தானே?"

பல்கீஸ் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். பிறகு கிறிஸ்தோபரிடம் சொன்னார்: "கொழும்பிலை ஒரு சோதனை இருக்கு. அவரின்ரை இரத்தத்தையே கொஞ்சம் எடுத்து, சூடாக்கிச் சேதமாக்கி, கதிர் வீசுற மருந்தொண்டைக் கலந்து திரும்ப ஏத்துவினம். சேதமான பழைய இரத்தத்தை ஒதுக்கி வைக்கிறது மண்ணீரலின்ரை வேலை. எங்கை மண்ணீரல் கிடக்கோ அங்கை அது போய்ச் சேரும். கமராவிலை ஒளியாத் தெரியும். புற்றெண்டால் தெரியாது. ஆனால் மண்ணீரல் எடுத்ததெண்டு ஒரு துண்டு எழுத்தில்லாமல் பெரியவர் ஆளை அனுப்பமாட்டார். அவர் வயித்தைத் திறந்தால், அந்த மனிசன் இருக்கிற உடம்புக்குத் தாங்குவாரோ தெரியாது. எங்கையாவது ஒரு பேப்பர் இல்லையா?"

"தேடிப் பாக்கிறன், டொக்டர்" என்றான் கிறிஸ்தோபர்.

எங்கே தேட வேண்டுமென்று அவனுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. அதைச் சொல்லத்தான் நாக்கு வரவில்லை. நாவல்களில் இந்த இடத்தில் ஒருவன் முழங்காலில் விழுந்து எல்லாவற்றையும் ஒப்புக்கொள்வான். பதிவேட்டறையில் முழங்காலில் விழ இடமில்லை, கோவைகள் இருந்தன.

இரவெல்லாம் புரண்டுவிட்டு, காலையில் பேணாட்டின் மேசைக்கு முன்னால் போய் நின்றான்.

"சேர், ஒரு பக்கம் துலைஞ்சிட்டுது. நான்தான் துலைச்சனான்."

பேணாட் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பக்கம் துலைஞ்சால் ஏழு நாளுக்குள்ளை துலைவுப் படிவம் நிரப்போணும். நிரப்பினியா?"

"இல்லை, சேர்."

"படிவம் இல்லை. ஆனபடியால் துலையேல்லை. போய் வேலையைப் பார் தம்பி. உன்ரை பேர் நிரந்தரப் பட்டியலிலை மூண்டாவதாக் கிடக்கு. இப்பிடியான கதையளைக் கதைச்சு ஏன் நாலாவதாகப் போறாய்?"

அவன் அத்தியட்சகரிடமே போனான். பித்தப்பைப் படத்துக்குக் கீழே அவர் தன் விழா உரையைத் திருத்திக்கொண்டிருந்தார்.

"சேர், அந்தக் கோவையை நம்பவேண்டாம்."

அவர் பேனையை வைத்துவிட்டு, சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல மிகவும் அன்பாகச் சொன்னார்: "தம்பி, நான் முப்பது வருசமாய் வைத்தியம் செய்யிறன். நோயாளி பொய் சொல்லுவான், மறப்பான், செத்தும் போவான். கோவை இந்த மூண்டையும் செய்யாது. என்னட்டை வந்த எத்தினையோ நோயாளிகள் இண்டைக்கு இல்லை. ஆனால் அவையின்ரை கோவை ஒண்டுகூடப் பழுதாகேல்லை. இதைவிட ஒரு ஆஸ்பத்திரிக்கு என்ன பெருமை வேணும்? இந்த வசனம் நல்லாயிருக்கு, இரும், எழுதிக்கொள்ளுறன்."

கிறிஸ்தோபர் வார்ட்டைக் கடந்து போனபோது சின்னராசா கூப்பிட்டார். கட்டிலில் சுருண்டு கிடந்தார்.

"தம்பி, மழை எப்பிடி?"

"நல்ல மழை, அண்ணை."

"கச்சான் கடலை போடுற நேரம். ஒவ்வொரு வருசமும் வீட்டுக்குப் பின்னாலை கால் ஏக்கர் போடுவன். மனிசி கேட்டவ, போடுவமோ எண்டு. நான்தான் வேண்டாமெண்டிட்டன். பிடுங்க நான் இருக்கமாட்டன். பிறகேன் போட்டு? அவளுக்குக் கச்சான் பிடுங்கேக்கையெல்லாம் அழவேண்டி வரும்."

அழைப்பிதழில் குறித்த வியாழனுக்கு எட்டு நாள் இருந்தது. கிறிஸ்தோபர் அரைநாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு நூலகத்துக்கு ஓடினான். புத்தகம் அலுமாரித் தட்டில் இல்லை. நிலாவெளியில் படிப்பிக்கும் அருள்மலர் என்ற ஆசிரியை எடுத்துப் போய் ஒரு மாதமாகிவிட்டது என்றார்கள். அந்தத் தடிப் புத்தகத்தை அவனுக்குப் பிறகு எடுத்த ஒரே ஆள்.

கரையோர பஸ் மழைக்குள் ஊர்ந்தது. ஒவ்வொரு தரிப்பிலும் மீன் கூடைகளுக்காக நின்றது. உப்புவெளி தாண்டும்போது அந்தத் தாளில் சட்டி இறக்கியிருப்பார்கள் என்று நினைத்தான். நிலாவெளியில் இறங்கும்போது அதில் கப்பல் செய்து மழைத்தண்ணீரில் விட்டிருப்பார்கள் என்று உறுதியாக நம்பினான்.

அருள்மலர் ரீச்சருக்கு ஐம்பது வயதிருக்கும். வாசலில் நனைந்து நின்றவனைக் கண்டு துவாய் கொடுத்தார். புத்தகத்தின் பெயரைக் கேட்டதும் அவர் முகம் மாறியது.

"நீங்களும் வாசிச்சநீங்களா? அப்பாடா! ஒரு ஆள் கிடைச்சுது. எனக்கொரு விளக்கம் சொல்லுங்கோ. முன்னூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்துக்குப் பிறகு ஒரு பக்கம் தட்டச்சிலை அடிச்சு வைச்சிருக்கு. அச்சிலை விடுபட்ட பக்கத்தை நூலகத்திலை அடிச்சு வைச்சிருக்கினம் எண்டு நினைச்சன். ஒரு மனிசன் துறைமுகத்திலை அடிபட்டு வாறான். வயித்தைத் திறக்கினம். அதுக்குப் பிறகு அவனைப் பற்றி ஒரு கதையுமில்லை! கடைசிப் பக்கம்வரை தேடிப்போட்டன். இரண்டாந்தரமும் வாசிச்சன். அந்த மனிசன் பிழைச்சானா, இல்லையா?"

அவர் தாளை எடுத்துவந்து நீட்டினார். மூலையில் சிவப்பு மையில் ஏழு. அறுபத்தெட்டாம் ஆண்டு அத்தியட்சகர் ஒரு தமிழ்ப் பற்றாளர். சத்திரசிகிச்சைக் குறிப்பைக்கூட நல்ல தமிழில் தட்டச்சு செய்விப்பார். கிறிஸ்தோபர் வாசித்தான்.

'வயிற்றைத் திறந்தபோது இரத்தம் குளமாய்க் கிடந்தது. மண்ணீரல் மூன்றாய்ப் பிளந்திருந்தது. அதனை முற்றாக அகற்றினோம். சிதறிய சிறு துணுக்குகள் சில எம் கைக்கு எட்டவில்லை. விளக்கு இருமுறை அணைந்தது. நோயாளி உறுதியான மனிதர். பிழைப்பார் என நம்புகிறேன்.'

புத்தகத்தில் அந்தத் தாள் கிடந்த இடத்தில், இரண்டு பக்கங்களுக்கும் நடுவே, கோவை ஊசியின் துருக்கறை பதிந்திருந்தது.

"இது கதை இல்லை, ரீச்சர்" என்றான் அவன். "இந்த மனிசன் இப்ப வார்ட்டிலை கிடக்கிறார். இந்தப் பேப்பரை நான்தான் புத்தகத்துக்கை வைச்சனான்."

அருள்மலர் திட்டுவார் என்று எதிர்பார்த்தான். அவர் குடையை எடுத்து அவன் கையில் கொடுத்தார்.

"பேப்பரை நனையவிடாதையுங்கோ. பிழைச்சால் எனக்கொரு தபாலட்டை போடுங்கோ. நான் ஒரு மாசமா அந்த மனிசனை நினைச்சுக்கொண்டு இருக்கிறன்."

சத்திரசிகிச்சைக்கு முதல் நாள், புதன்கிழமை, குழு கூடியது. தட்டில் கோவையும், அதன்மேல் தனியாக அந்தத் தாளும் இருந்தன. சின்னராசாவைத் தள்ளுவண்டியில் வாசலில் நிறுத்தியிருந்தார்கள். அவரைப் பரிசோதிக்க அல்ல, அடுத்த நாள் விருந்தினர் முன்னால் வண்டி எந்தக் கதவால் வரவேண்டுமென்று ஒத்திகை பார்க்க.

பல்கீஸ் தாளை உரக்க வாசித்தார்.

பேணாட் கோவையைப் புரட்டினார். "சேர், இந்தத் தாளிலை ஏழு எண்டு போட்டிருக்கு. ஆனால் கோவையிலை ஏழாம் பக்கம் ஏற்கெனவே கிடக்கு. முழுமை எண்டு முத்திரையும் கிடக்கு. ஒரு கோவைக்கு இரண்டு ஏழு இருக்கேலாது. ஆனபடியால் இது இந்தக் கோவையின்ரை பக்கமில்லை. வேறை ஆரின்ரையோ மண்ணீரல்."

"சரியான தர்க்கம்" என்றார் அத்தியட்சகர்.

கிறிஸ்தோபர் தட்டைக் கீழே வைத்தான். தட்டைக் கீழே வைப்பதற்குச் சுற்றுநிருபத்தில் இடமில்லை.

"கோவையிலை கிடக்கிற ஏழு உண்மையிலை எட்டு, சேர். நான்தான் சுரண்டி மாத்தினனான். எல்லாப் பக்கத்தையும் மாத்தினனான். இந்தத் தாளைக் கதைப் புத்தகத்துக்கு அடையாளமா வைச்சுத் துலைச்சனான்."

"அதுக்குப் பதிவு இருக்கா?" என்று கேட்டார் பேணாட்.

பல்கீஸ் எழுந்தார். கோவையின் ஊசியைக் கழற்றினார். பேணாட்டின் வாயிலிருந்து ஒரு சின்னச் சத்தம் வந்தது. தாள்களை எடுத்துக்கொண்டு போய், எக்ஸ்ரே படம் பார்க்கும் வெளிச்சப் பெட்டியில் ஒவ்வொன்றாகச் செருகி, "நானா, லைற்றைப் போடுங்கோ" என்றார்.

ஸைனுலாப்தீன் சுவிட்சைத் தட்டினார். வெளிச்சம் தாள்களுக்குள்ளால் வந்தது. ஒவ்வொரு மூலையிலும் சுரண்டிய இடம் மெலிந்து ஒளிர்ந்தது. ஏழின் அடியில் எட்டு தெரிந்தது, எட்டின் அடியில் ஒன்பது.

"யா அல்லாஹ்" என்றார் ஸைனுலாப்தீன். "பைலுக்கு எக்ஸ்ரே எடுத்திட்டம்."

குழு முழுவதும் எழுந்து பெட்டியைச் சூழ்ந்தது. அத்தியட்சகர் மூக்குக்கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு மூலை மூலையாகப் பார்த்தார். அந்த அறையில் எந்த நோயாளியையும் அவர் இவ்வளவு கிட்ட நின்று பார்த்ததில்லை. நெடுநேரத்துக்குப் பின், துக்க வீட்டில் பேசுவதுபோலத் தாழ்ந்த குரலில் சொன்னார்:

"கோவைக்குத்தான் வருத்தம்."

அதன்பிறகு எல்லாம் சுலபமாயிற்று. கோவை நோய்வாய்ப்பட்டிருப்பதால் அது குணமாகும்வரை நோயாளியைக் கொழும்புக்கு அனுப்பிவைக்கலாம் என்று தீர்மானம் எழுதப்பட்டது. கிறிஸ்தோபர் திரும்பிப் பார்த்தான். வாசலில் தள்ளுவண்டியில் கிடந்த சின்னராசா, கண் திறந்தபடி அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் கேட்டிருந்தார்.

கொழும்பில் அவரது இரத்தத்தைச் சூடாக்கித் திரும்ப ஏற்றினார்கள். கமராப் படத்தில் ஐந்து இடத்தில் ஐந்து விளக்குகள் எரிந்தன. அறிக்கை இரண்டே வரி: ஐந்தும் மண்ணீரல் இழையம், வெட்டத் தேவையில்லை. வயிற்றுக்குத்துக்குக் காரணம் இரைப்பைப் புண். அதற்கு மருந்து வில்லையும் வேளைக்குச் சாப்பாடும்.

அழைப்பிதழ் அடித்தாயிற்று என்பதால் விழா தைமாதம் நடந்தது. திகதியின்மேல் மட்டும் தாள் ஒட்டினார்கள். 'கத்தி வைக்காத வெற்றி' என்று அத்தியட்சகர் நாற்பது நிமிடம் பேசினார். படிவத்தில் 'இல்லை' என்று மூன்றாவது பெட்டி சேர்க்கும்படி தலைமையகத்துக்கு எழுதியிருப்பதாகவும், அவ்வாறு எழுதுவதற்குரிய படிவத்துக்காகக் காத்திருப்பதாகவும் சொன்னார். பக்கம் எதுவும் தொலைந்ததாக அறிக்கையில் இல்லை. 'இடம் மாறியிருந்த பக்கமொன்றை அரும்பாடுபட்டுக் கண்டெடுத்த' கிறிஸ்தோபருக்கு நிரந்தர நியமனம் கிடைத்தது. அவன் நடந்ததை எழுதிக் கையெழுத்திட்டு பேணாட்டிடம் கொடுத்தான். அவர் அதைத் திருப்பிக் கொடுத்து, "நிரந்தர ஊழியருக்கு இந்த மாதிரிக் கடிதம் எழுத அனுமதியில்லை" என்றார்.

அருள்மலருக்குத் தபாலட்டை போட்டான்: 'பிழைத்துவிட்டார்.' மறுதபாலில் பதில் வந்தது: 'சந்தோசம். புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். குடையைக் கொண்டுவந்து தரவும்.'

ஆனால் நெஞ்சுக்குள் ஏதோ முட்டையளவில் கிடந்து அழுத்தியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்ததும், அவன் கப்பல்துறைக்கு பஸ் ஏறினான்.

சின்னராசா வீட்டுக்குப் பின்னால் ஒரு கல்லில் இருந்தார். முன்னால் கால் ஏக்கர் நிலம் வெறுமையாகக் கிடந்தது. இருபுறமும் அயலவர் காணிகளில் கச்சான் செடி பச்சைப்பசேலென்று நின்றது.

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ, அண்ணை" என்றான் கிறிஸ்தோபர்.

அவர் கையிலிருந்த தடியால் நிலத்தைக் கிளறினார்.

"ஐஞ்சு மாசமா என்ரை வயிறு ஒரு கதைப் புத்தகத்துக்கை கிடந்திருக்கு, என்ன?"

"ஓம், அண்ணை."

"நல்ல கதையோ?"

"நல்ல கதை."

"நான் அடையாளமாக் கிடந்த இடத்திலை என்ன நடந்துகொண்டிருந்தது?"

கிறிஸ்தோபர் வாயைத் திறந்தான். பனி இருந்தது. ஒரு குதிரை வண்டி இருந்தது, அல்லது அது வேறு புத்தகமோ. யாரோ ஒருவன் ஒரு வாசலில் நின்றான். அவன் யார், யாருடைய வாசல்? எவ்வளவு யோசித்தும் வரவில்லை. ஒரு மனிதனின் உயிரை வைத்து அடையாளமிட்ட இடம் அது. அங்கே என்ன நடந்ததென்று அவனுக்கு நினைவில்லை.

"தெரியேல்லை, அண்ணை" என்றான். அவன் கண் நிறைந்துவிட்டது.

சின்னராசா தடியை ஊன்றி எழுந்தார். ஒரு கை, பழக்கத்தில், விலாவுக்குக் கீழே போய், அங்கே பொத்த ஒன்றுமில்லையென்று கண்டு திரும்பி வந்தது.

"போய் அந்த இடத்திலையிருந்து வாசியும். வாசிச்சு முடிச்சிட்டு வந்து எனக்குச் சொல்லும். ஒரு பக்கமும் விடாமல் சொல்லோணும். அறுநூறு பக்கமெண்டாலும் பரவாயில்லை." வெறும் நிலத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். "நான் இருப்பன்."